தட்டாத கைகள்

அன்புள்ள ஐயா,

நான் திருநெல்வேலிக்காரன். மூன்று வருடங்களாகத் தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குப் பக்கத்தில் உம்லாங்காவில் வேலை பார்க்கிறேன். உங்கள் கட்டுரைகளை ஊரில் இருக்கும்போதே படித்திருக்கிறேன். முதல்முறையாக எழுதுகிறேன்.

2024 நவம்பரில் இலங்கை அணி கிங்ஸ்மீட் மைதானத்தில் டெஸ்ட் ஆட வந்தபோது நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து போவதாக இருந்தோம். அதில் ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர். முதலில் சரி என்றவர், டிக்கெட் எடுக்கும் நேரத்தில் ‘அந்தக் கொடிக்குக் கீழே நடக்கும் ஆட்டத்தை என்னால் உட்கார்ந்து பார்க்க முடியாது’ என்று சொல்லிவிட்டார். நாங்கள் நான்கு பேர் போனோம். இலங்கை 42 ரன்னில் சுருண்டது. மார்கோ யான்சன் 13 ரன் கொடுத்து 7 விக்கெட். வாழ்க்கையில் மறக்க முடியாத ஆட்டம். திரும்பி வந்து அவரிடம், ‘பெரிய ஆட்டத்தை இழந்துவிட்டாய், விளையாட்டில் அரசியலைக் கலக்காதே’ என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் முன்போலப் பேசுவதில்லை.

எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. ஆட்சியாளர்கள் செய்த குற்றத்துக்கு ஆட்டக்காரர்கள் என்ன செய்வார்கள்? உங்கள் நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நிறவெறி ஆட்சிக்காக உலகம் அதை விளையாட்டிலிருந்து ஒதுக்கிவைத்தது. பாரி ரிச்சர்ட்ஸ் போன்ற மேதை நான்கே டெஸ்ட் ஆடினார். கிரேம் பொல்லாக்கின் வாழ்க்கை பாதியில் நின்றது. பாவம், அவர்களா நிறவெறிச் சட்டம் போட்டார்கள்? நிறவெறி வீழ்ந்தது பொருளாதாரத் தடையால்தானே? விளையாட்டுத் தடை ஓர் அடையாளம் மட்டும்தானே? அப்படியானால் 2034இல் சவூதியில் நடக்கப்போகும் கால்பந்து உலகக் கோப்பையையும் பார்க்கக் கூடாதா? 2013இல் சென்னையில் ஐபிஎல் ஆட்டங்களில் இலங்கை வீரர்களை ஆடவிடாமல் வைத்தோமே, அதனால் யாருக்கு என்ன கிடைத்தது? தென்னாப்பிரிக்கத் தமிழரான உங்கள் கருத்தை அறிய ஆசை.

வாசகர்
உம்லாங்கா

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் பெயரை எடுத்துவிட்டுக் கடிதத்தை வெளியிட்டிருக்கிறேன். உங்கள் நண்பர் இதைப் படித்துவிடுவாரோ என்று அஞ்சியிருந்தீர்கள். படிக்கட்டும் என்பது என் ஆசை.

வருகிற கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத என்னால் முடிவதில்லை. உங்களுடையதைத் தனியே எடுத்துவைத்ததற்குக் காரணம் என் அண்ணன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டர்பனை அடுத்த ஃபீனிக்ஸில் அவருடைய வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய பேரனைப் பள்ளிக்கூட அணியில் சேர்த்திருக்கிறார்கள். பையனுக்குப் பதினொரு வயது. வீட்டின் பின்புறத்தில் தாத்தாவை நிறுத்திப் பந்தைக் கையில் கொடுத்து, எப்படிப் பிடிப்பது என்று காட்டச் சொன்னான். எழுபத்திரண்டு வயதுக்காரர் வாங்கினார். இரண்டு விரல்கள் தாமாகவே போய்த் தையலின் இருபுறமும் உட்கார்ந்தன. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக அந்தக் கையில் நான் கிரிக்கெட் பந்தைப் பார்த்ததில்லை. ‘நீங்கள் ஏன் தாத்தா தென்னாப்பிரிக்காவுக்கு ஆடவில்லை?’ என்று பையன் கேட்டான். அண்ணன் கொஞ்ச நேரம் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ‘மழை வந்துவிட்டது, கண்ணு’ என்றார்.

அன்று முதல் அந்த மழை என் தலைக்குள் பெய்துகொண்டிருக்கிறது. அப்போது உங்கள் கடிதம் வருகிறது, பாரி ரிச்சர்ட்ஸ் பாவம் என்று சொல்லிக்கொண்டு. எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை. எழுதி முடிப்பதற்குள் அது தணிந்தால் நல்லது.

சில கேள்விகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சவூதி உலகக் கோப்பையைப் பார்க்கலாமா கூடாதா என்று உங்களுக்கு நான் சீட்டு எழுதித் தர முடியாது. அங்கே கட்டட வேலைக்குப் போன கூலிகளின் குடும்பங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன, அவர்களிடம் கேளுங்கள். 2013இல் சென்னையில் நடந்தது முதலமைச்சரின் கடிதத்துக்கும் கிரிக்கெட் நிர்வாகிகளின் முடிவுக்கும் இடையில் நடந்தது. பார்வையாளர்கள் நாற்காலிகளை நிரப்பினார்கள், ஆட்டம் நடந்தது, சில பெயர்கள் மட்டும் அணிப்பட்டியலில் இல்லை. அதைப் புறக்கணிப்பு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆண்டு தெருவில் உண்ணாவிரதம் இருந்த மாணவர்களை நான் இதில் சேர்க்கவில்லை. அவர்கள்மீது எனக்கு மரியாதை உண்டு.

பொருளாதாரத் தடையா விளையாட்டுத் தடையா என்பது பட்டிமன்றத் தலைப்பு. 1985இல் வெளிநாட்டு வங்கிகள் கடனைப் புதுப்பிக்க மறுத்தபோது பிரிட்டோரியா அரசு ஆடிப்போனது என்பது உண்மை. ஆனால் ஒரு சாதாரண வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு வங்கிக் கடன் என்றால் என்ன தெரியும்? ரக்பி தெரியும். 1981 ஜூலையில் தென்னாப்பிரிக்க ரக்பி அணி ஆடப் போயிருந்தபோது, நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரத்தில் மக்கள் வேலியைப் பிய்த்துக்கொண்டு மைதானத்துக்குள் புகுந்து, கைகோத்து நடுவில் நின்று ஆட்டத்தை நிறுத்தினார்கள். அதை இங்கே அவர்கள் இரவில் விழித்திருந்து நேரடி ஒளிபரப்பில் பார்த்தார்கள். உலகத்தின் மறுகோடியில் இருக்கும் வெள்ளைக்காரர்களே தங்களை வேண்டாம் என்று சொல்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் அவர்கள் வீட்டுக் கூடத்துக்குள் வந்தது. இத்துடன் அந்தக் கேள்வியை விடுகிறேன்.

விட முடியாதது, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ‘பாவம்’ என்ற சொல்.

பாரி ரிச்சர்ட்ஸ் டர்பனில் பிறந்தவர், எங்கள் ஊர்க்காரர். அவர் ஆடி நான் பார்த்திருக்கிறேன். 1970 பிப்ரவரி 5, வியாழக்கிழமை. எனக்கு எட்டு வயது. அப்பா டர்பன் மாநகராட்சியில் கூலி வேலை பார்த்தார், அந்த வாரம் அவருக்கு இரவு முறை. என்னைப் பள்ளிக்கு அனுப்பாமல் கிங்ஸ்மீடுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அம்மா ரொட்டிக்குள் உருளைக்கிழங்குக் கறியை வைத்துச் சுருட்டிக் காகிதத்தில் கட்டிக் கொடுத்தாள். அப்போதுதான் நாங்கள் மேகசின் பாரக்ஸிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்குத் தூக்கி எறியப்பட்டு ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. பெரும்பாலும் தமிழர்கள் வாழ்ந்த அந்தக் குடியிருப்பை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டு, எங்களை ஊருக்கு வெளியே மலைச்சரிவுகளில் கொண்டுபோய்க் கொட்டியிருந்தார்கள். கிங்ஸ்மீடில் எங்களுக்கென்று தனி இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. நிழல் இல்லாத இடம். அங்கே உட்கார்ந்திருந்த எல்லோரும் ஆஸ்திரேலியாவின் பக்கம். எங்கள் மக்கள் எப்போதும் வந்த அணியின் பக்கம்தான். உள்ளூர் அணி தோற்க வேண்டும் என்று சொந்த ஊரில் உட்கார்ந்து வேண்டிக்கொண்ட மக்கள் நாங்கள்.

அன்று ரிச்சர்ட்ஸ் உணவு இடைவேளைக்கு முன்பே நூறு அடித்துவிடுவார் போலிருந்தது. ஆறு ரன் குறைந்தது. இடைவேளைக்குப் பிறகு பொல்லாக்கும் அவரும் சேர்ந்து ஒரு மணி நேரம் ஆடினார்கள். தம்பி, அப்படியோர் ஆட்டத்தை அதற்குப் பின் நான் பார்த்ததில்லை. பந்து மட்டையில் பட்ட சத்தம் எங்கள் காதுக்கு வருவதற்குள் எல்லைக்கோட்டைத் தாண்டியிருக்கும். ஒரு கவர் டிரைவ். ரிச்சர்ட்ஸ் காலை நீட்டி, தலையைக் குனிந்து, ஏதோ பூப்பறிப்பதுபோல அடித்தார். என் இரண்டு கைகளும் தட்டுவதற்காக எழுந்துவிட்டன. எட்டு வயதுப் பையனின் கைகளுக்குச் சட்டம் தெரியுமா? அப்பா அவற்றைப் பிடித்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை. பிடித்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. அவருக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். அந்த அடியின் அருமை என்னைவிட நூறு மடங்கு அவருக்குத் தெரியும். தெரிந்தவர் தம் கைகளையும் என் கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ரிச்சர்ட்ஸ் 140, பொல்லாக் 274. அந்தத் தொடரில் ஆஸ்திரேலியா நான்கு ஆட்டமும் தோற்றது. அந்த மே மாதம் தென்னாப்பிரிக்க அணியின் இங்கிலாந்துப் பயணம் ரத்தானது. அதே மாதம் ஒலிம்பிக் குழுவும் தென்னாப்பிரிக்காவை வெளியேற்றியது. அப்பா மறுபடியும் கிங்ஸ்மீட் வாசலை மிதித்தது இருபத்திரண்டு வருடம் கழித்து.

இப்போது நீங்கள் சொல்லும் பாவத்துக்கு வருகிறேன். ரிச்சர்ட்ஸுக்கு நான்கு டெஸ்ட். சராசரி 72. உங்களுக்கு அது மனப்பாடம். அதற்குப் பிறகு அவர் இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயருக்கு ஆடினார், தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு ஆடினார், கெர்ரி பேக்கர் தனியாக நடத்திய ஆட்டங்களில் ஆடினார், உலகம் அவருடைய பெயரைச் சொல்கிறது. அவர் இழந்ததை நான் சிறியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் இழந்ததை உங்களால் எண்ண முடிகிறது. நான்கு என்று ஓர் எண் இருக்கிறது. எங்கள் பையன்களுக்கு அந்த எண்ணும் இல்லை. சாட்ஸ்வொர்த்திலும் மியர்பேங்கிலும் டோங்காட்டிலும் பாய் விரித்த ஆடுகளத்தில் பந்துவீசி முப்பது வயதில் ஓய்ந்துபோனவர்களை எந்தப் புள்ளிவிவரத்தில் தேடுவீர்கள்? எங்களவர்கள் தங்களுக்குள் ஆடிய மாகாணப் போட்டிகள் முதல்தரப் போட்டிகள் என்று பதிவேட்டில் ஏறவே நிறவெறி வீழ்ந்து பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் ஆடியவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

பாப்வா செவ்கோலம் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? டர்பன்காரர். கோல்ஃப் மைதானத்தில் வெள்ளைக்காரர்களுக்குப் பை தூக்கிய பையன். கைகளை மாற்றிவைத்து, இடக்கை கீழே இருக்கும்படி மட்டையைப் பிடிப்பார். அப்படிப் பிடித்துக்கொண்டே டச்சு ஓப்பனை 1959, 1960, 1964 என்று மூன்று முறை வென்றார். 1963இல் டர்பன் கண்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பனையும் வென்றார். பரிசளிக்கும் நேரத்தில் மழை. இந்தியர்கள் கட்டடத்துக்குள் வரக் கூடாது. வென்றவருக்கு வெளியே மழையில் கோப்பையைக் கொடுத்தார்கள். 1965இல் உலகப் புகழ்பெற்ற வெள்ளைக்கார வீரர் கேரி பிளேயரையே பின்னுக்குத் தள்ளி மறுபடியும் அதே பட்டத்தை வென்றார். அடுத்து அவரைப் போட்டிகளிலேயே சேர்க்காமல் கதவைச் சாத்தினார்கள். 1978இல் வறுமையில் இறந்தார். உம்லாங்காவிலிருந்து அரை மணி நேரத்தில் ரிசர்வாயர் ஹில்ஸுக்குப் போய்விடலாம், அங்கே ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு அவருடைய பெயரை வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை போய்ப் பாருங்கள். விளையாட்டில் அரசியலைக் கலக்காதே என்று அந்தப் பெயர்ப்பலகைக்கு முன்னால் நின்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். நாக்கு எழுகிறதா என்று எனக்கு எழுதுங்கள்.

புறக்கணிப்பு நாட்டுக்கு வெளியிலிருந்து வந்த தண்டனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தின் அடியில் ஓடும் பிழை அதுதான். எங்களைப் புறக்கணியுங்கள் என்று கேட்டவர்கள் நாங்கள். கவிஞர் டென்னிஸ் புரூட்டஸ் அதற்காகக் குண்டடி பட்டு, ராபன் தீவில் கல்லுடைத்தார். டர்பனில் பிறந்த சாம் ராம்சாமி லண்டனில் உட்கார்ந்துகொண்டு உலகத்துக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டி, எங்கள் நாட்டை உள்ளே விடாதீர்கள் என்று சொன்னார். நீச்சல் சங்கத்தை நடத்திய மார்கன் நாயுடுமீது 1973இல் அரசு தடை உத்தரவு போட்டது. ‘முறைகெட்ட சமூகத்தில் முறையான விளையாட்டு இருக்க முடியாது’ என்ற, எங்கள் கிரிக்கெட் தலைவர் ஹசன் ஹோவாவின் வாசகத்தை எங்கள் தெருப் பிள்ளைகள் திருக்குறள்போலச் சொல்வார்கள். விளையாட்டை வெறுத்தவர் ஒருவர்கூட இவர்களில் இல்லை. விளையாட்டைத் தவிர வேறு எதையும் பெரிதாக நேசிக்காதவர்கள். நாங்கள் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவர்கள், நேர்ந்துகொள்வது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். பிடித்ததை விட்டுவிடுகிறோம் என்று ஒரு தலைமுறையே நேர்ந்துகொண்டது.

தமிழ்நாட்டிலிருந்தும் இரண்டு பேர் இந்தக் காவடியைத் தூக்கினார்கள். 1974இல் இந்திய டென்னிஸ் அணி ஆஸ்திரேலியாவை வென்று, சோவியத் யூனியனை வென்று, டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது. எதிரே தென்னாப்பிரிக்கா. இந்திய அரசு ஆடமாட்டோம் என்றது. மதராஸ் பையன்கள் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் மட்டையைக் கீழே வைத்தார்கள். விஜய்க்கு அப்போது இருபது வயது. கோப்பையில் 1974க்கு நேராகத் தென்னாப்பிரிக்காவின் பெயர் இருக்கிறது, இந்தியா இன்றுவரை அந்தக் கோப்பையை வென்றதில்லை. அந்தச் செய்தியை அப்பா செய்தித்தாளிலிருந்து வெட்டி, பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குக் கீழே வைத்தார். எங்களுக்காக மதராஸில் ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள் கோப்பையை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். தாத்தா காலத்தில் கப்பலேறி வந்தபின் ஊரிலிருந்து எங்களுக்கு ஒரு கடிதம்கூட வந்ததில்லை. அதுதான் முதல் கடிதம் என்று அப்பா நினைத்தார் போலும்.

இனி அண்ணனின் மழை.

அண்ணன் வேகப்பந்து வீச்சாளர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை, சனி ஞாயிறு கிரிக்கெட். எங்கள் சங்கத்துக்கு மட்டை இரண்டு, ஒரு புதுப்பந்து மூன்று ஆட்டத்துக்கு ஓடும். 1976இல் சுவேட்டோவில் பள்ளிப்பிள்ளைகளைச் சுட்டார்கள். உலகம் மறுபடியும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. நியூசிலாந்து ரக்பி அணி அந்த நேரம் பார்த்து இங்கே ஆட வந்தது என்பதற்காக ஆப்பிரிக்க நாடுகள் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கைவிட்டு வெளியேறின. நான்கு ஆண்டுகள் அதற்காகவே ஓடிப் பழகிய பிள்ளைகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறினார்கள். அதே ஆண்டுதான் இங்கே ‘சாதாரண கிரிக்கெட்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரச் சங்கங்களில் இனி எல்லோரும் ஆடலாம், வாருங்கள். சட்டம் எதுவும் மாறவில்லை, ஆட்டம் மட்டும் மாறிவிட்டதாம். எங்கள் பகுதியில் சிலர் போனார்கள். ஒரு வெள்ளைக்காரச் சங்கம் அண்ணனைக் கேட்டது. அண்ணன் போனார்.

ஏன் போனார் என்று அன்று எனக்குப் புரியவில்லை. அவருக்கு வயது இருபத்துமூன்று. புல் வளர்ந்த ஆடுகளத்தில் ஒருமுறைகூடப் பந்துவீசியதில்லை. பந்து புல்லில் பட்டு எப்படித் திரும்பும் என்று பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார். அவ்வளவுதான். முதல் ஆட்டத்துக்குப் பிறகு எனக்கென்று ஒரு பந்து கொண்டுவந்தார். அறுபது ஓவர்தான் வீசியிருந்தார்கள், அதற்குள் அதைத் தூக்கிப்போட்டுவிட்டார்களாம். எங்கள் கணக்கில் அது புதுப்பந்து. சிவப்பு மங்கவில்லை. தோல் வாசனை அப்படியே இருந்தது. எனக்குப் பதினைந்து வயது, ஹசன் ஹோவாவின் வாசகம் மனப்பாடம். பந்தை வாங்கி, அவர் கண்ணெதிரிலேயே உம்லாஸ் ஆற்றுப் பக்கத்துப் புதருக்குள் வீசினேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலையில் கழிப்பறைக்குப் போக எழுந்தவன் ஜன்னல் வழியே பார்த்தேன். வேலைக்குப் போகும் உடையில் புதருக்குள் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்.

ஒரே பருவம்தான் ஆடினார். ஆட்டம் முடிந்ததும் மற்றவர்கள் மதுக்கூடத்துக்குப் போவார்களாம், இவர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வருவார். இந்தியர்களுக்கான பஸ் வரும்வரை தனியே நிற்பார். பதினோரு பேரில் ஒருவராக ஆறு மணிவரை இருந்தவர், ஆறு ஐந்துக்கு யாருமில்லை. ஹோவா சொன்னது சரிதான் என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்தார். எங்கள் சங்கம் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நிறவெறி விளையாட்டில் பங்கெடுத்தவருக்கு நம் விளையாட்டில் இடமில்லை என்று தீர்மானம் இருந்தது, இரட்டை நிலைப்பாடு கூடாது என்ற தீர்மானம். அண்ணனின் பெயரை அடித்துவிட்டார்கள். 1978இல் அவருக்குக் கல்யாணம். கூட ஆடியவர்களில் ஒருவர்கூடப் பந்தலுக்கு வரவில்லை. அப்பா அவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டார், ஒரே வீட்டில் இருந்தார். ஆனால் அவரிடம் கிரிக்கெட்டைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அப்பாவுக்குக் கிரிக்கெட்டைத் தவிர வேறு பேச்சே தெரியாது என்பதை நினைத்துக்கொண்டு இந்த வரியைப் படியுங்கள்.

இப்போது சொல்லுங்கள் தம்பி, புறக்கணிப்பால் அழிந்த ஆட்டக்காரருக்காக நீங்கள் அழ வேண்டுமென்றால் யாருக்காக அழுவீர்கள்? அந்தப் பக்கமும் இல்லாமல் இந்தப் பக்கமும் இல்லாமல் இருபத்துநான்கு வயதில் நின்றுபோன ஒருவர் ஃபீனிக்ஸில் இருக்கிறார். புறக்கணிப்பின்மீது வழக்குப் போட உரிமையுள்ளவர் அவர்தான். இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்தத் தீர்மானம் தவறு என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. நான்தான் இப்போது சொல்கிறேன். புறக்கணிப்பு சரி. அண்ணனை நாங்கள் நடத்திய விதம் தவறு. பந்தலுக்கு வராமல் இருந்தது தவறு. அந்தப் பந்தை நான் வீசியது தவறு. பிடித்ததை விட்டுக்கொடுக்கிறவர்களுக்கு, அதை விட முடியாமல் தவிக்கிறவனைப் பார்த்தால் எங்கிருந்தோ ஒரு கொடூரம் வந்துவிடுகிறது. எங்களுக்கு வந்தது. அதை மறைத்து எங்கள் வரலாற்றை எழுதுகிறவர்கள்மீதும் எனக்குக் கோபம் உண்டு.

பணத்துக்காக வந்தவர்களை அண்ணனோடு சேர்க்காதீர்கள். 1982இல் பண்டுல வர்ணபுர தலைமையில் இலங்கையிலிருந்து ஓர் அணி பெருந்தொகை வாங்கிக்கொண்டு இங்கே ஆட வந்தது. இலங்கை வாரியம் அவர்களுக்கு இருபத்தைந்து ஆண்டுத் தடை விதித்தது. சாட்ஸ்வொர்த்தில் நாங்கள் அந்தத் தடையைக் கொண்டாடினோம், அந்த நாடு எங்கள் பக்கம் நின்றது என்று. அடுத்த ஆண்டு ஜூலையில் கொழும்பில் தமிழர்களுக்கு என்ன நடந்தது என்பது உங்கள் நண்பருக்குத் தெரியும். எங்களுக்கு நீதி சொன்ன நாடு தன் வீட்டுக்குள் என்ன செய்தது என்று யோசித்து யோசித்து அப்பா தூங்காமல் கிடந்த இரவுகள் எனக்கு நினைவிருக்கின்றன.

1992 நவம்பரில் இந்திய அணி வந்தது. கிங்ஸ்மீடில் முதல் டெஸ்ட். நான் மூன்று டிக்கெட் எடுத்தேன். அண்ணன் வரவில்லை, தொழிற்சாலையில் வேலை இருக்கிறது என்றார். நானும் அப்பாவும் போனோம். இந்தமுறை நிழலில் உட்கார்ந்தோம். பிரவீன் ஆம்ரே தம் முதல் டெஸ்டிலேயே நூறு அடித்தார், டெண்டுல்கர் தொலைக்காட்சியைப் பார்த்து நடுவர் ரன் அவுட் கொடுத்த முதல் ஆட்டக்காரர் ஆனார். இவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு நினைவில் நிற்பது ஓமர் ஹென்றி. நாற்பது வயதில் முதல் டெஸ்ட். தடை நீங்கித் திரும்பிய தென்னாப்பிரிக்க டெஸ்ட் அணியில் இடம்பெற்ற முதல் வெள்ளையரல்லாதவர். அவரும் எழுபதுகளில் வெள்ளைக்காரர்களின் ஆட்டத்துக்குப் போனவர், அவருடைய மக்கள் அவரைத் துரோகி என்று ஒதுக்கிவைத்தார்கள். அவர் பந்தைக் கையில் வாங்கியபோது எங்கள் பகுதியில் சிலர் தட்டினார்கள், சிலர் தட்டவில்லை. அப்பா மைதானத்தையே பார்த்துக்கொண்டு, ‘பெரியவனுடைய டிக்கெட்டை யாருக்குக் கொடுத்தாய்?’ என்று கேட்டார். யாருக்கும் கொடுக்கவில்லை, சட்டைப் பையில் இருக்கிறது என்றேன். என்னிடம் அதைக் கேட்டு வாங்கித் தம் பையில் வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் அண்ணன் வேலையிலிருந்து வந்ததும் அவரைத் திண்ணையில் உட்காரவைத்து, ஹென்றி எந்த இடத்தில் பந்தைக் குத்தினார், எப்படித் திருப்பினார் என்று ஒவ்வொரு ஓவராகச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டதை இருவரும் கேட்கவில்லை.

எங்கெங்கோ போய்விட்டேன். நீங்கள் கேட்டது இலங்கை அணியைப் பற்றி. கிங்ஸ்மீடுக்குப் போனது தவறா என்று கேட்டால், தெரியாமல் போனீர்கள், பரவாயில்லை என்பேன். எங்கள் விஷயத்தில், அடிபட்டவர்கள் தாங்களே கேட்டார்கள், கேட்டவர்கள் முதலில் தாங்களே இழந்தார்கள். முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு 2017 முதல் தெருவோரத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்மார் உலகத்திடம் என்ன கேட்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். உங்கள் முடிவை நானோ சென்னையில் இருக்கிற ஒரு கட்சியோ எடுக்க முடியாது. ஆனால் அடிபட்ட வீட்டிலிருந்து வந்த ஒருவர் என்னால் பார்க்க முடியாது என்று சொல்லும்போது, பெரிய ஆட்டத்தை இழந்துவிட்டாய் என்று அவரிடம் சொன்னீர்களே, அதற்கு நீங்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இழக்கிறோம் என்று தெரிந்துதானே அவர் வரவில்லை?

கடிதத்தை நான்கு முறை படித்தேன். யான்சனின் ஏழு விக்கெட்டை எழுதியிருக்கிறீர்கள். இலங்கையின் 42 ரன்னை எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நண்பர் அன்று எங்கே இருந்தார், என்ன செய்தார் என்று ஒரு வரிகூட இல்லை. கேட்கவில்லை என்று நினைக்கிறேன். கேளுங்கள். அறையிலேயே இருந்தாரா, யாருக்காவது தொலைபேசினாரா, ஆட்டத்தின் கணக்கைக் கைபேசியில் திருட்டுத்தனமாகப் பார்த்தாரா என்று கேளுங்கள். அவர் யாழ்ப்பாணத்தில் எந்தப் பள்ளிக்கு ஆடினார் என்றும் கேளுங்கள். ஆடியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் பேசினால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு ஃபீனிக்ஸுக்கு வாருங்கள். அண்ணியின் ஆட்டுக்கறி இந்தப் பக்கத்தில் பெயர் பெற்றது. பேரனுக்கு வலைப்பயிற்சியில் பந்துவீச ஆள் தேவைப்படுகிறது, அண்ணனால் இரண்டு ஓவருக்குமேல் முடிவதில்லை.

அன்புடன்.